வியாழக்கிழமைக் கட்டம்

சொசைட்டிக்கும் எங்கள் கட்டுத்தறிக்கும்
நாற்பத்திரண்டு எட்டு.
கறந்த சூடு ஆறுமுன்னே அப்பா போசியை நீட்டிவிடுவார்.
நுரை அடங்காத பாலில்
கண்ணாடிக் குழல் மூழ்கி, ஆடி, நிற்கும்.
"இருபத்தாறு.
சென்னியப்பண்ணா, போர்ல தண்ணி வந்துருச்சாட்ட இருக்குதுங்க?"
வரிசை சிரித்தது.
அப்பா சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை.
சீட்டை நாலாக மடித்து
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த மறுக்காமைதான் எனக்கு உறுத்தியது.

இரவு அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
செவலைக்குத் தீனி பத்தவில்லை.
குழலில் கோளாறு.
நாச்சிமுத்து மாமா கண்ணில் கோளாறு.
நான்காவதை எழுதும் முன்
பேனாவை மூன்று தடவை மூடித் திறந்தேன்.
அப்பா தண்ணீர் ஊற்றுகிறார்.
அதை எழுதாமல் விட்டால்
மற்ற மூன்றுக்கும் மதிப்பில்லை என்று பட்டது.
எழுதிய பிறகு
அவர் தட்டில் ரசம் ஊற்றும்போது
கரண்டியை மட்டுமே பார்த்தேன்.

பள்ளி ஆய்வகத்தில் குழல் ஒன்று சும்மா கிடந்தது.
கையெழுத்துப் போட்டு வாங்கி
வேட்டித் துணியில் சுற்றி
மூலனூர் பஸ்ஸில் நின்றபடியே கொண்டுவந்தோம்,
நானும் தர்ஷிகாவும்.
உட்கார்ந்தால் பள்ளத்தில் உடையும் என்பது அவள் கருதுகோள்.
அதை நாங்கள் சோதிக்கவில்லை.

ஞாயிறு விடியல்,
கிளுவை வேலியில் பனி.
நானே கறந்தேன், நானே ஊற்றினேன்.
பக்கத்தில் யாரும் இல்லை, கன்றுக்குட்டியைத் தவிர.
இருபத்தாறு!
நான்காவது வரியை அடித்துவிட்டு ஓடப் பார்த்தேன்.
தர்ஷிகா நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.
"ஒரு நாள் ஒரு நாள்தான் புள்ள. பொறு."

பொறுத்ததில்தான் அது தட்டுப்பட்டது.
மறந்துபோய்த் தொட்டித் தண்ணீரில் வைத்த சொம்பை
பல் விளக்கி வந்து மறுபடி அளந்தால்
அதே பால், அதே குழல்,
இருபத்தெட்டு.

சூடான பால் இலகுவாக இருக்கிறது,
குழல் ஆழமாக இறங்குகிறது.
கொறங்காட்டைத் தாண்டி
மூன்று கல் தொலைவிலிருந்து
மொபெட்டில் பனிக்காற்று வாங்கி வரும் பால்
வழியிலேயே ஆறிக் கெட்டியாகிவிடுகிறது.
எங்கள் குற்றம் பக்கத்தில் குடியிருப்பது.

அடுத்து ஒரு சொம்பில் வேண்டுமென்றே
கால் டம்ளர் தண்ணீர் ஊற்றினேன்,
பொய் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள.
ஆறவைத்தும் இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

பத்து நாள் கட்டங்களோடு போய் நின்றேன்.
நாச்சிமுத்து மாமா கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
"சூடு பாத்துத்தான் கணக்குப் போடோணும் அம்மிணி.
தெர்மாமீட்டர் ஒடஞ்சு ரெண்டு வருசமாச்சு.
எழுதிப் போட்டிருக்குது."
பிறகு, குரல் தாழ்ந்து,
"அப்பனத் தப்பா நெனச்சுக்க வேண்டாம்னு சொல்லு."

சொல்லவில்லை.
அதற்கு முதலில்
நான் தப்பாக நினைத்ததைச் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது அப்பா போசியை
கால் மணி நேரம் தொட்டியில் நிறுத்தி
பீடி ஒன்றைக் குடித்து முடித்து
மெதுவாகத்தான் போகிறார்.
காரணம் கேட்கவில்லை.
மகள் சொன்னாள் என்பதே அவருக்குப் போதும்.
எனக்கு அது போதவில்லை.

ஏனென்றால் பத்துக் கட்டங்களில்
ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை.
வியாழன். ஆறிய பால். இருபத்தைந்து.
அன்றும் கறந்தது நான்தான்.
முந்தின நாள் இரவு சொம்பைக் கழுவிக் கவிழ்த்தேனா
அப்படியே நிமிர்த்து வைத்தேனா,
நினைவில்லை.

அந்த எண்ணை அழிக்க
தர்ஷிகா ரப்பர்கூடக் கொடுத்தாள்.
வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.
ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கோடு இழுத்து
தலைப்பு எழுதினேன்:
சொம்பு காய்ந்திருந்ததா?

வியாழனுக்கு எதிரே
தெரியாது.